நாடிழந்த ராஜா சேர்த்த ஏடுகள்

அரூர்ப் பக்கத்துத் தீர்த்தமலைக் கோயிலின் கதை கல்லிலும் இருக்கிறது, ஓலையிலும் இருந்தது. கல்லுக்குக் கவலை இல்லை. சுவரில் வெட்டிய எழுத்தை யாரும் மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது. வெயிலும் மழையும் அதை மெல்லத்தான் தின்னும். ஓலையின் பாடு வேறு. இராமர் அம்பு எய்து மலையில் தீர்த்தம் வரவழைத்த கதையையும், தீர்த்தகிரீசுவரர் இங்கே எழுந்தருளிய கதையையும் சைவ எல்லப்ப நாவலர் தீர்த்தகிரிப் புராணமாகப் பாடி வைத்தார். அச்சு இல்லாத காலம். ஓர் ஓலையைப் பார்த்து ஒருவர் எழுத, அதைப் பார்த்து இன்னொருவர் எழுத, கை மாறிக் கை மாறித்தான் ஒரு தலபுராணம் நம் காலம் வரை வரவேண்டும். நடுவில் ஒரு தலைமுறை அசட்டையாக இருந்துவிட்டால் போதும், கதை முடிந்தது.

தருமபுரி, அரூர்ப் பக்கம் மட்டும் இப்படி இல்லை. தமிழ்நாடு முழுக்க மடங்களிலும், புலவர் வீட்டுப் பரண்களிலும், கோயில் பண்டாரங்களிலும், அரண்மனை அறைகளிலும் ஓலைகள் கிடந்தன. அவற்றில் மிகப் பெரிய குவியல் தஞ்சாவூர் அரண்மனையில் சேர்ந்தது. இன்று சரஸ்வதி மகால் நூலகம் என்று அழைக்கப்படும் அந்தக் குவியல் பிறந்த கதையைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். அரசர்கள் வலிமையாக இருந்த காலத்தில் அது கொஞ்சமாக வளர்ந்தது. அவர்கள் கையிலிருந்து அதிகாரம் நழுவ நழுவத்தான் அது பெரிதானது.

ஓலை எப்படிப்பட்ட பொருள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். அது தெரியாமல் ஒரு சுவடி நூலகத்தின் அருமை விளங்காது.

முற்றாத பனை ஓலையை வெட்டி, ஈர்க்கு நீக்கி, நிழலில் காயவைப்பார்கள். பிறகு வெந்நீரில் வேகவைத்து, மறுபடி உலர்த்தி, சங்கு அல்லது வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். ஒரே அளவாக நறுக்கி, துளை போட்டு, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கயிற்றால் கட்டினால் சுவடி தயார். எழுதுகிறவர் ஓலையை இடது கையில் பிடித்துக்கொள்வார். வலது கையில் இரும்பு எழுத்தாணி. இடது கைப் பெருவிரல் நகத்தில் சின்னப் பள்ளம் வெட்டி, எழுத்தாணியின் நுனியை அதில் பதித்துக்கொள்வதும் உண்டு. நகர்வது எழுத்தாணியைவிட ஓலைதான். புள்ளி வைத்தால் ஓலையில் ஓட்டை விழும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். எழுதி முடித்ததும் கீறல் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளோ, கரியோ, இலைச்சாறோ கலந்து மேலே தடவித் துடைத்தால் கீறலுக்குள் நிறம் இறங்கி எழுத்து எழுந்து வரும்.

இவ்வளவு பாடுபட்டு எழுதினாலும் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓலை இருநூறு முந்நூறு ஆண்டுகள் தாங்கினால் பெரிது. பூச்சி அரிக்கும், ஓரம் பொடியும், கயிறு அறுந்து ஏடுகள் முன்பின்னாகும். அதற்குள் யாராவது புது ஓலையில் பிரதி எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு பழைய ஓலையை என்ன செய்வது? ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. பிரதி எடுக்கும் பழக்கம் நின்ற பிறகும் ஆற்றில் விடும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை, உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த காலத்தில் இதைக் கேட்டு நொந்து எழுதியிருக்கிறார். ஆக, ஓலையைக் காப்பதற்குப் பெட்டி மட்டும் போதாது. சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து எழுதும் ஆட்கள் வேண்டும். அந்தச் செலவைத் தொடர்ந்து செய்ய அரண்மனையால் முடிந்தது.

தஞ்சையில் இந்த வேலையைத் தொடங்கியவர்கள் நாயக்கர்கள். 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தின் கீழ் தஞ்சையை ஆள வந்த அவர்கள் அரண்மனையில் சரஸ்வதி பண்டாரம் என்ற ஏட்டுக் களஞ்சியம் ஒன்றை வைத்திருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரகுநாத நாயக்கர் தாமே தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் எழுதியவர். அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதர் பெரும் பண்டிதர். அரசவையில் இராமபத்ராம்பா போன்ற பெண் கவிகளும் இருந்தார்கள். எழுதுகிற அரசனுக்குப் படிக்க ஏடு வேண்டும், எழுதியதைப் பிரதி எடுக்க ஆள் வேண்டும். பண்டாரம் அப்படி வளர்ந்தது.

1673இல் நாயக்கர் ஆட்சி கவிழ்ந்தது. சில ஆண்டுகளில் சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சையைப் பிடித்துக்கொண்டார். ஆள வந்தவர்களின் மொழி மராத்தி, அரண்மனையில் கிடந்த ஏடுகள் தெலுங்கும் சமஸ்கிருதமும் தமிழும். புதிதாக வந்தவர்கள் அவற்றைக் கொளுத்தவுமில்லை, விற்கவுமில்லை. ஏகோஜியின் மகன் சகஜி 1693இல் திருவிசநல்லூரைச் சகஜிராஜபுரம் என்று பெயரிட்டு 46 பண்டிதர்களுக்கு மானியமாகக் கொடுத்தார். அவர்கள் எழுதித் தள்ளியதில் பெரும்பகுதி அரண்மனை ஏடுகளோடு சேர்ந்தது. பின்னர் வந்த முதலாம் துளஜா, சங்கீத சாராம்ருதம் என்ற இசை நூலை எழுதினார். 1773இல் ஆற்காட்டு நவாபும் கிழக்கிந்தியக் கம்பெனியும் சேர்ந்து தஞ்சையைப் பிடித்தபோதும், 1776இல் திருப்பிக் கொடுத்தபோதும் பண்டாரம் தப்பியது. படையெடுத்து வருகிறவன் பொன்னையும் மணியையும் தேடுவான். எழுத்துப் புரியாத ஓலைக்கட்டை யார் சீண்டப் போகிறார்கள்?

இது வரைக்கும் வந்தது ஓர் அரண்மனைப் பண்டாரத்தின் கதை. இந்தியாவில் பல அரண்மனைகளில் இப்படி இருந்திருக்கும். அதை நூலகமாக்கியவர் இரண்டாம் சரபோஜி.

1777இல் பிறந்த சரபோஜியை இரண்டாம் துளஜா 1787இல் சுவீகாரம் எடுத்தார். அதே ஆண்டு துளஜா இறந்தார். சிற்றப்பன் முறையான அமர்சிங் சிங்காசனத்தில் ஏறிக்கொண்டார். பத்து வயதுப் பையனுக்குத் துணையாக நின்றவர் கிறிஸ்டியன் ஃப்ரெட்ரிக் ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். அரண்மனையில் பையனுக்கு ஆபத்து என்று கருதி 1793இல் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே இன்னொரு பாதிரியார் கெரிக்கேயிடம் படிப்பு. ஆங்கிலம், கணிதம், அறிவியல் என்று அந்தக் காலத்து இந்திய இளவரசர் யாருக்கும் எளிதில் கிடைக்காத கல்வி. 1798இல் சரபோஜி அரியணை ஏறினார். அதே ஆண்டு பிப்ரவரியில் ஸ்வார்ட்ஸ் இறந்துபோயிருந்தார்.

மறு ஆண்டே கம்பெனி வந்து கணக்குக் கேட்டது. 1799 அக்டோபரில் போட்ட ஒப்பந்தப்படி தஞ்சை நாட்டு நிர்வாகம் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. சரபோஜிக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். வயது 22. கையில் பணம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. படை நடத்த வேண்டாம், வரி வசூலிக்க வேண்டாம், எல்லைச் சண்டை கிடையாது. அப்படி நாடு போன பிறகு அவருக்கு இன்னும் 32 ஆண்டுக்கு மேல் ஆயுள் இருந்தது.

வேறு ராஜாக்கள் இந்த நிலையில் என்ன செய்தார்கள் என்பது ஊரறிந்த கதை. சரபோஜி புத்தகம் வாங்கினார். வேதியியலில் லவாய்சியர், தாவரவியலில் லின்னேயஸ், உடற்கூறு, வானநூல், அகராதிகள், வரைபடங்கள் என்று ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்த அச்சுப் புத்தகங்கள் நாலாயிரத்துக்கும் மேல். பலவற்றில் ஆங்கிலத்தில் தம் கையெழுத்தைப் போட்டு வைத்தார். அந்தக் கையெழுத்தை இன்றும் நூலகத்தில் பார்க்கலாம். 1826இல் கல்கத்தா பிஷப் ஹீபர் தஞ்சைக்கு வந்து அவரைச் சந்தித்தார். இந்த ராஜா ஐரோப்பிய விஞ்ஞானிகளைச் சரளமாக மேற்கோள் காட்டுகிறார், ஷேக்ஸ்பியரைப் பற்றியும் தெளிவான கருத்து வைத்திருக்கிறார் என்று வியந்து எழுதினார்.

புத்தகம் வாங்குவது பணம் உள்ள யாரும் செய்யக்கூடியதுதான். சரபோஜி தம் அரண்மனையையே ஒரு பட்டறையாக மாற்றினார். நவவித்யா கலாநிதி என்ற பெயரில் தேவநாகரி அச்சுக்கூடம் வைத்தார். தென்னிந்தியாவில் மராத்தியும் சமஸ்கிருதமும் அச்சேறிய முதல் இடம் அதுதான். ஈசாப் கதைகளின் மராத்தி மொழிபெயர்ப்பு அங்கே அச்சானது. தன்வந்தரி மகால் என்ற மருத்துவக்கூடத்தில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில வைத்தியம் நான்கும் கலந்தன. அங்கே பலித்த மருந்து முறைகளைப் புலவர்களைக் கொண்டு தமிழ்ச் செய்யுளாக்கினார். சரபேந்திர வைத்திய முறைகள் என்று அவை இன்று அச்சில் கிடைக்கின்றன. கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் அவர்மேல் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார். தம் பள்ளித் தோழர் வேதநாயக சாஸ்திரியாரையும் சரபோஜி ஆதரித்தார்.

நூலகத்தில் இருப்பவற்றில் ஒன்று மட்டும் போதும், சரபோஜியின் மனப்போக்கைச் சொல்ல. கண்நோயாளிகளுக்கு அரண்மனையில் செய்த சிகிச்சைக் குறிப்பேடுகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள். நோயுற்ற கண்ணை ஓவியர் பார்த்து வண்ணத்தில் வரைந்திருக்கிறார். நோய் என்ன, என்ன சிகிச்சை, பிறகு எப்படி ஆனது என்று குறிப்பு. இன்றைய மருத்துவமனையில் நோயாளியின் கோப்பு எப்படி இருக்கிறதோ ஏறக்குறைய அப்படி. ஒரு காரியத்தைச் செய்தால் மட்டும் போதாது, எழுதி வைத்தால்தான் செய்ததாக அர்த்தம் என்று நினைத்த மனிதரின் வேலை அது. சமையல், சம்பளம், யானைத் தீவனம், கோயில் கட்டளை என்று அரண்மனை அன்றாடம் எல்லாவற்றையும் எழுதி வைத்ததும் இந்தக் குணத்தில்தான் சேரும். மோடி என்னும் மராத்திக் கூட்டெழுத்தில் எழுதிய அந்தக் கணக்குகள் மட்டும் 1,342 கட்டுகள்.

1820இல் சரபோஜி காசிக்குப் புறப்பட்டார். ஆயிரக்கணக்கான பரிவாரத்தோடு போய்த் திரும்ப இரண்டு ஆண்டு ஆனது. காசிக்குப் போனவர்கள் கங்கைச் சொம்போடு திரும்புவது வழக்கம். இவர் ஏடுகளோடு திரும்பினார். வடநாட்டுப் பண்டிதர்களிடம் விலைக்குக் கிடைத்ததை வாங்கினார், கிடைக்காததைப் பிரதி எடுக்கவைத்தார். தெற்கே ஓலையில் கிரந்த எழுத்தில் கிடந்த நூல்களோடு வடக்கே தாளில் தேவநாகரியில் எழுதியவை இப்படித்தான் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன. 1832இல் சரபோஜி இறந்தபோது தஞ்சை ராஜாவிடம் நாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஏடுகள் மட்டும் மலையாகக் குவிந்திருந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் இஸ்தான்புல் வரை போய்வர வேண்டும். அதே நூற்றாண்டுகளில் உதுமானியப் பேரரசின் தலைநகரில் அமைச்சர்களும் சுல்தான்களும் நூலகங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோப்ருலு என்ற வசீர் குடும்பத்தின் நூலகத்துக்கு 1678இல் வக்ஃபு என்னும் அறக்கொடைச் சாசனம் எழுதப்பட்டது. சுல்தான் முதலாம் மஹ்மூத் 1740இல் ஆயா சோபியாவுக்குள் ஒரு நூலகம் வைத்தார். தலைமை அமைச்சர் ராகிப் பாஷா 1763இல் ஒன்று கட்டினார். அங்கே ஒரு தந்திரம் இருந்தது. சுல்தானின் அதிகாரி இறந்தாலோ பதவி இழந்தாலோ அவருடைய சொத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வக்ஃபு செய்த சொத்து இறைவனுக்கு உரியது. அதைத் தொடக் கூடாது. அதனால் பாஷாக்கள் புத்தகங்களை வக்ஃபாக எழுதி வைத்தார்கள். ஏட்டுக்கு ஏடு வக்ஃபு முத்திரை குத்தினார்கள். கடை வாடகையும் நில வருமானமும் நூலகரின் சம்பளத்துக்கு என்று சாசனத்திலேயே எழுதினார்கள். அமைச்சர் போனாலும் நூலகர் இருப்பார், புத்தகம் இருக்கும்.

சரபோஜி புத்தகங்களில் போட்டது தம் கையெழுத்து. அது ஆசையின் அடையாளம், சாசனத்தின் பலம் அதற்குக் கிடையாது. நம் கோயில்களில் நிலத்துக்கும் விளக்குக்கும் எத்தனையோ அறக்கட்டளைகள் உண்டு. தீர்த்தமலை மாதிரி மலைமேல் இருக்கிற கோயிலுக்குக்கூட யாரோ தானம் எழுதி வைத்தார்கள். ஏடுகளுக்கு அப்படி ஒன்றை எழுதி வைக்கத் தஞ்சையில் தோன்றவில்லை. அதன் விலை பிறகு தெரிந்தது.

சரபோஜியின் மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். வாரிசு இல்லை என்றால் நாடு கம்பெனிக்கு. இங்கே நாடு ஏற்கெனவே போய்விட்டது. மிஞ்சியது அரண்மனையும் உள்ளே இருந்த சொத்தும். 1856இல் கம்பெனி அதிகாரி படையோடு வந்து அவற்றையும் கைப்பற்றினார். மூத்த ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். சென்னை உச்ச நீதிமன்றம் ராணி பக்கம் தீர்ப்பளித்தது. லண்டன் பிரிவி கவுன்சில் 1859இல் அதைப் புரட்டிப்போட்டது. ஓர் அரசு இன்னோர் அரசின் சொத்தை எடுத்துக்கொண்டது, அதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. சட்டக் கல்லூரிகளில் அரசுச் செயல் என்ற பாடத்தில் இன்றும் இந்த வழக்கு வரும். சில ஆண்டுகள் கழித்து அரசாங்கமே மனமிரங்கித் தனிச்சொத்தைக் குடும்பத்துக்குத் திருப்பித் தந்தது. இத்தனை இழுபறியிலும் ஏடுகள் அரண்மனையை விட்டு நகரவில்லை என்பது அதிர்ஷ்டம்தான்.

ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? எத்தனை நூல்? எது முழுமை, எது அரைகுறை? வெளியில் இருந்தவர்களுக்குத் தெரியாது. தெரியாத சொத்து தொலைந்தால் தொலைந்ததுகூடத் தெரியாது.

பட்டியல் போட வந்தவர் ஆர்தர் கோக் பர்னல். 1840இல் பிறந்து சென்னை மாகாண சிவில் சர்வீசில் சேர்ந்த ஆங்கிலேயர். தென்னிந்திய எழுத்து வரலாறு குறித்து 1874இல் நூல் எழுதியவர். தஞ்சையில் ஜில்லா நீதிபதி. வழக்குகளைக் கேட்டுக்கொண்டே 1871இலிருந்து அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளைத் துறைவாரியாகப் பிரித்துப் பட்டியலிட்டார். எந்த எழுத்து, ஓலையா தாளா, எங்கே தொடங்குகிறது, எங்கே அறுந்திருக்கிறது என்று கட்டுக் கட்டாகப் பார்த்துத் தீர்க்க வேண்டிய வேலை. 1880இல் லண்டனில் அது அச்சாகி முடிந்தது. 1882இல், 42 வயதில், பர்னல் இறந்துபோனார்.

அந்தப் பட்டியல் வந்த பிறகுதான் உலகத்துக்குத் தஞ்சையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. ஜெர்மனியில் இருக்கும் ஒரு பேராசிரியர் பட்டியலைப் புரட்டி, தமக்கு வேண்டிய நூலின் பிரதி தஞ்சையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். அதற்கு முன் பூட்டிய அறைக்குள் இருந்தது ஓர் அரண்மனைச் சேர்க்கை மட்டும்தான். நூலகம் பிறந்த நாள் எது என்று கேட்டால், நாயக்கரையும் சரபோஜியையும் தள்ளிவிட்டு நான் அந்த 1880ஐத்தான் சொல்வேன். தேடுகிறவன் கையில் பட்டியல் இல்லாத இடத்தை நூலகம் என்று எப்படிச் சொல்வது?

பொதுமக்களுக்குக் கதவு திறந்தது இன்னும் தாமதமாக. தஞ்சை மராத்திய அரச மரபான போசலே குடும்பத்தின் சம்மதத்தோடு 1918 அக்டோபர் 5ஆம் தேதி அரசாணைப்படி அது பொது நூலகமானது. இஸ்தான்புல்லில் சிதறிக் கிடந்த வக்ஃபு நூலகங்களை சுலைமானியே என்ற ஒரே இடத்தில் சேர்க்கத் தொடங்கியதும் அதே 1918தான். அங்கே பேரரசு சாய்ந்துகொண்டிருந்த நேரம். இங்கே ராஜ்யம் என்றோ போயாகிவிட்டது. தஞ்சையில் கதவு திறந்ததும் ஜம்புநாத பட் லாண்டகே, காகல்கர், பதங்க அவதூதர் வீடுகளின் சுவடிகளும் வந்து சேர்ந்தன. தங்கள் பரணில் கிடப்பதைவிட அங்கே இருப்பது மேல் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. 1983இல் இந்திய அரசு இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. சமஸ்கிருதச் சுவடிகள் 39,000க்கு மேல், தமிழ் 3,500 அளவில், மராத்தி 3,000க்கு மேல், தெலுங்கு 800க்கு மேல் என்று இன்று கணக்குச் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்கிலும் ஒரு பாடம் இருக்கிறது. பர்னல் சமஸ்கிருதத்தை மட்டும்தான் பட்டியலிட்டார். அதனால் வெளிநாட்டு அறிஞர்களுக்குத் தஞ்சை என்றால் சமஸ்கிருதம் என்று ஆயிற்று. பக்கத்து அலமாரியில் இருந்த தமிழ்ச் சுவடிகள் எல்.உலகநாத பிள்ளையின் விளக்கப் பட்டியல் 1925இல் வெளிவரும் வரை காத்திருந்தன. பி.பி.எஸ்.சாஸ்திரி 1928 முதல் 1934 வரை 19 தொகுதிகளாக சமஸ்கிருத விளக்கப் பட்டியலைக் கொண்டுவந்தார். மோடிக் கட்டுகளுக்கு இன்னும் நீண்ட காத்திருப்பு. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989இல் ஒரு பகுதியை மொழிபெயர்த்து வெளியிட்ட பிறகே, தஞ்சையின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி அவற்றில் எவ்வளவு இருக்கிறது என்று தமிழ் படிப்பவர்களுக்குத் தெரியவந்தது. எல்லாம் ஒரே கட்டடத்தில்தான் இருந்தன. பட்டியலும் மொழிபெயர்ப்பும் எதற்கு முதலில் வாய்த்ததோ அது முதலில் உயிர் பெற்றது.

அரூர்ப் பக்கத்திலும் பழைய வைத்தியர் வீடு, கணக்குப்பிள்ளை வீடு, வாத்தியார் வீடு என்று ஓலைக்கட்டு இருக்கும் வீடுகள் உண்டு. சரஸ்வதி பூஜையன்று அதை எடுத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அன்றைக்குப் படிக்கக் கூடாது என்பது சம்பிரதாயம். மற்ற நாளிலும் யாரும் படிப்பதில்லை. இந்த வீடுகளுக்கு ராஜாவின் பணமோ பாஷாவின் சாசனமோ தேவையில்லை. கட்டைப் பதமாகப் பிரித்து, எத்தனை ஏடு, முதல் ஏட்டில் முதல் வரி என்ன, கடைசி ஏட்டில் எழுதியவன் தன் பெயரையும் ஆண்டையும் குறித்திருக்கிறானா என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் கைபேசியில் படம் பிடித்துச் சுவடி படிக்கத் தெரிந்தவருக்கு அனுப்பலாம். பர்னல் தஞ்சையில் தொடங்கியதும் இதே வேலையைத்தான். அவரிடம் கைபேசி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.